கை நனைக்காத விருந்து

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சர்ச்சிலிருந்து வந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிய்யா, சாப்பிட்டியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் தப்பு. எனக்குச் சம்மதம் இல்லை. அதை விவரமாகச் சொல்லத்தான் மெஸ்ஸை ஒரு மத்தியானத்துக்கு உன் அப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முக்குக்கடை பிரவுசிங் சென்டர் பையன் இதை ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் படிப்பான், அவன் மூலம் தெருவே படிக்கும். படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உன்னோடு அந்த வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நீ இதை மொழிபெயர்த்துக் காட்டலாம்.

நீ சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் எழுதுகிறேன், பிசகியிருந்தால் திருத்து. உங்கள் கோயம்புத்தூர்க் கல்லூரியும், அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும், இன்னும் சில நாட்டுக் கல்லூரிகளும் கூட்டாகச் சேர்ந்து, ஒரு தகராறு வெட்டுக்குத்தாக மாறுவதற்கு முன்பே அதை எப்படித் தடுப்பது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறீர்கள். அதைப் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடும் சபையில் வைக்கப் போகிறீர்கள். ஆப்பிரிக்காவில் ஒரு வறண்ட நாடு, பெயர் என் வாயில் நுழையவில்லை, அங்கும் தண்ணி லாரிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முறைப்பு ஆரம்பித்திருக்கிறதாம். இப்போதே ஆள் அனுப்பி உட்கார்ந்து பேச வைப்பதா, அல்லது பொறுத்துப் பார்த்து, ரத்தம் சிந்திய பிறகு பட்டாளத்தை அனுப்புவதா என்று அந்தச் சபைதான் முடிவெடுக்கும். அவர்கள் முன்னால் நம் திருப்பூர்க் கதையைச் சொல்ல வேண்டியவன் நீ. ஆனால் ஒத்திகை பார்த்தபோது ஒருவர் கேட்டிருக்கிறார்: உங்கள் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லையே, குழாய்த் தண்ணீர் வந்தது, லாரிகள் நின்றன, சண்டையும் ஓய்ந்தது, இதில் நீங்கள் எதைத் தடுத்தீர்கள்? உனக்குப் பதில் வரவில்லை. "அவர் கேக்கதும் நியாயந்தானம்மா. திருப்பூரை அறிக்கைல இருந்து எடுத்துரலாம்னு பாக்கேன்" என்று என்னிடம் சொன்னாய். உன் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதே இல்லை.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்த காலத்தில் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, நினைவிருக்கிறதா? கோவில்பட்டியிலிருந்து உன் பெரியப்பா வந்து, "தம்பி என்ன வேலைக்குப் படிக்கான்?" என்று கேட்டார். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். "செக்யூரிட்டியா?" என்றார். உன் அப்பா சிரித்த சிரிப்பில் சாம்பார் வாளி கவிழ்ந்தது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "நம்ம நாட்டுல பஞ்சாயத்துக்கா பஞ்சம்? இதைப் படிக்க வெள்ளைக்காரன் காலேஜா?" என்று எத்தனையோ நாள் உன்னைச் சீண்டியிருக்கிறார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். உன் வயதுப் பையன்கள் மெர்ச்சன்டைசர், கட்டிங் மாஸ்டர் என்று சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க, நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், "உங்களுக்கு யார்மேல கோபம்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் பெற்றவளுக்கு என்ன தோன்றும்? ஆனால் இன்றைக்கு அந்த வேலையை உன்னைவிட நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வறட்சி வருஷத்தை உன் அறிக்கையில் நீ அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். சாயப்பட்டறைக்கு நல்ல தண்ணீர் வேண்டும், நொய்யல் ஆறு கெட்டுக் கிடந்தது, உள்ளூர்ப் போர்வெல்களில் வந்ததெல்லாம் உப்பு. அதனால் சேவூர்ப் பக்கம் போய்க் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். அந்த லாரிகளில் ஒன்றை உன் அப்பா ஓட்டினார். கிணற்றுக்காரன் ஒருவன் தண்ணீரை விற்றால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். விற்றவனும் அந்த ஊர்க்காரன்தான், ஆனால் பங்காளி மேல் கல்லெறிய முடியுமா? கல் லாரி மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்தது, டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், ரோட்டில் முள் வெட்டிப் போட்டார்கள். ஒரு டிரைவருக்கு மண்டை உடைந்து தையல் போட்டதும் விஷயம் தண்ணீரை விட்டுத் தாண்டிப் போய்விட்டது. டிரைவர்கள் பெரும்பாலும் நம் தெக்கத்தி ஆட்கள். "பொழைக்க வந்தவனுகன்னு நினைச்சு அடிக்காக" என்று நம் மெஸ்ஸில் உட்கார்ந்தே பேசினார்கள். லாரிகள் சேர்ந்து போவது, ஆளுக்கொரு இரும்பு ராடு சீட்டுக்கடியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சுக்கு நடுவே நான்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீயும், உங்கள் கல்லூரி மேடமும், அந்த வெளிநாட்டு டீச்சரம்மாவும் வந்தீர்கள். வெயிலில் மூக்கு தக்காளியாகச் சிவந்துபோன அந்த அம்மாவை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டு தரப்பையும் அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்தீர்கள். முதலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, மனம் இளகிய பிறகு பேசுவது என்பது உங்கள் திட்டம். வேறு நாடுகளில் அப்படிச் செய்து பலன் கண்டார்களாம். சமையல் என் பொறுப்பு. கொங்கு வாய்க்குப் பிடிக்க வேண்டும் என்று அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைந்தது, கத்தரிக்காய், தயிர், பாயசம் என்று ஒரு கல்யாணத்துக்கு உண்டான மாதிரி செய்தேன். வரிசையாக இலை விரித்தாயிற்று. டிரைவர்கள் பசியோடு வந்தவர்கள், உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் செம்பில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு ஓரமாக நின்றார்கள். "உக்காருங்க ஐயா" என்று நான் ஒவ்வொருவராகக் கெஞ்சினேன்.

"இல்லீங்க அம்மிணி, நாங்க சாப்புட்டுட்டுத்தானுங்க வந்தமுங்க."

ஒருத்தர் சொன்னால் நம்பலாம். வந்த அத்தனை பேரும் அதையே, அதே மரியாதையோடு சொன்னார்கள். பக்கத்தில் ஆவி பறக்கச் சோறு, எதிரே காலி இலைகள். டிரைவர்களில் ஒருவன், மண்டையில் தையல் போட்டவன், பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "எங்க கூட உக்காந்து திங்க மாட்டாகளாம்ல! எங்க சாதியைக் கேட்டுட்டு வந்து உக்காரச் சொல்லுங்க" என்று இலையைச் சுருட்டி எறிந்தான். ஊர்க்காரர்களுக்கும் முகம் இறுகிவிட்டது. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியும். என் சோற்றை ஒருத்தன் ருசி பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லட்டும், பொறுத்துக்கொள்வேன். தொடாமலே போனால் என்ன அர்த்தம்? அத்தனை பாயசத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ராயபுரத்தில் தெரு முழுக்க ஊற்றிக்கொடுத்தேன். "இனிமே இந்தச் சமாதானம் கிமாதானம்னு என் வாசல்ல வந்து நிக்காதே" என்று உன்னிடம் சொன்னேன்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அவரவர் முடிவுக்கு வந்துவிட்டோம். டிரைவர்களுக்கு அது சாதித் திமிர், எனக்கு என் சமையலுக்கு அவமானம், ஊர்க்காரர்களுக்கு என்ன என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டோம். "ஏன் சாப்பிடவில்லை?" என்று ஒருவரை நேருக்கு நேர் கேட்பது நம் ஊரில் மரியாதை ஆகுமா? மூன்று தலைமுறைக்கு மனதில் வைத்துக்கொண்டு திரிவோமே தவிர வாய்விட்டுக் கேட்க மாட்டோம். அந்த டீச்சரம்மாவுக்கு நம் மரியாதை தெரியாது, அது நல்லதாகப் போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்காமல் ஒரு வரி எழுதக்கூடாது என்பது அவர் வைத்திருந்த வழக்கம். மறுநாளே சேவூர்ப் பக்கம், விருந்துக்கு வந்திருந்த தோட்டத்து ஐயா வீட்டுக்குப் போய், நேராகக் கேட்டுவிட்டார். ஐயாவின் பெயரை இதில் எழுதவில்லை, காரணம் கடைசியில் வரும், யார் என்று உனக்குத் தெரியும். அந்த ஊரில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். உங்கள் மேடம் கூட இருந்து கேள்வியின் கூர்மையை மழுக்கி மொழிபெயர்த்திருக்கிறார். ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கப் போற ஊட்டுல பேச்சு முடியறதுக்கு முந்தி கை நனைப்பாங்களாங்க? கை நனைச்சுட்டா அப்பறம் பேசறதுக்கு என்னங்க இருக்குது? சம்மதம்னு ஆயிருமுங்கள்ல. எங்களக் கேக்காமயே சம்மதம் வாங்கப் பாக்கறாங்கன்னு நெனச்சமுங்க. அம்மிணி சமையல் வாசனைக்கு நாக்கு ஊறுனதுதான் நெசமுங்க."

நீ அதை எழுதிக்கொண்டு வந்து நம் மெஸ்ஸில் டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டினாய். கல்யாண மண்டபம், வாழையிலை, பாயசம் என்று அவ்வளவும் சேர்த்து வைத்து, பேசுவதற்கு முன்னால் அவர்களைச் சம்பந்தி விருந்துக்கு உட்கார வைத்திருக்கிறோம். உன் அப்பாதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, நம்ம ஊர்லயும் இதானல வழக்கம்! உன் அம்மையைப் பாக்கப் போனப்ப எங்க அய்யா காப்பித்தண்ணி கூடத் தொடலியே" என்றார். தையல் போட்டவன், "அப்ப நாம தின்னதுதான் தப்பா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சீட்டுக்கடியில் ராடு வைப்பதைப் பற்றி அதற்குப் பிறகு என் மெஸ்ஸில் யாரும் பேசவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது, மகனே. வெளியாள் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க ஆள் இல்லை. உள்ளூர் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பதில் யாருக்கும் புரிந்திருக்காது. கூட்டாராய்ச்சி என்று நீங்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறீர்களே, எனக்கு அது இவ்வளவுதான். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஓடாது.

அடுத்த தடவை பேச்சுதான் முதலில். தண்ணீரும் வெறும் டீயும் மட்டும். எந்தக் கிணற்றில் எடுக்கலாம், எந்த நேரத்தில் லாரி வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் நேரத்தில் வரக்கூடாது, காலையில் வரும் முதல் லாரி ஊர்த் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் தன் லோடைப் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. எல்லாம் படியவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்பேன், "இன்னைக்காவது இலை போடட்டுமா ஐயா?" அவர் சொல்வார், "பேச்சு இன்னும் முடியிலீங்களே அம்மிணி." எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. உங்கள் அறிக்கையின் முதல் பிரதியில்கூட, ஊர்த்தரப்பு இன்னும் இணக்கத்துக்கு வரவில்லை என்பதற்கு அடையாளமாக அதைத்தானே எழுதியிருந்தீர்கள்? பிறகு உங்கள் மேடமும் டீச்சரம்மாவும் போய்விட்டார்கள், நீயும் பரீட்சைக்குப் போய்விட்டாய். கூட்டத்தை டிரைவர்களும் ஊர்க்காரர்களுமே அதே அவிநாசி மண்டபத்தில் தொடர்ந்து நடத்திக்கொண்டார்கள்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. அந்தக் கோடையில் உன் அப்பாவின் லாரியில் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டுச் செத்தது, அது உன் அறிக்கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்த்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்கு முன்னால் நடந்ததை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. பட்டப்பகல். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டது. உன் அப்பா இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கிணறு வற்றி, தென்னை காய்ந்து, அதற்கு மேல் கன்றும் போய், அவர்கள் வெறியில் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு இளவட்டம் வீட்டுக்கு ஓடிப் போய் மண்ணெண்ணெய் கேனோடு வந்தான். லாரியின் முன்பக்கம் ஊற்றியும்விட்டான். கேபினுக்குள் அந்த வாசனை வந்தது என்று உன் அப்பா சொன்னார். இப்போதும் ரேஷன் கடைப் பக்கம் போனால் அவருக்குக் குமட்டும். அது வயிற்றுக் கோளாறு என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

தோட்டத்து ஐயா தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். வந்தவர் கேனைப் பிடுங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. லாரிக்கு முன்னால் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். உன் அப்பா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டதை அப்படியே எனக்குச் சொன்னார்.

"டேய், பேச்சு இன்னும் முடியலைடா. அவங்க எலையில நாம இன்னும் கை நனைக்கல. கொளுத்தறதுன்னா கொளுத்துங்க. ஆனா மொதல்ல ரெண்டு பேரு அவிநாசிக்குப் போயி, பேச்சு முறிஞ்சு போச்சுன்னு மொறையா சொல்லிட்டு வாங்க. பேச்சு நடந்துட்டிருக்கறப்ப கை வெச்சா, நாளைக்கு நம்ம ஊட்டுக்கு எவன்டா பேச வருவான்?"

யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முறித்துவிட்டோம் என்று போய்ச் சொல்லும் பழியை ஏற்க ஒருவருக்கும் மனமில்லை. கேன் கொண்டுவந்தவன் கேனைக் கீழே வைத்தான். அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஐயா ஒரு குடம் தண்ணீர் வாங்கி லாரியின் முகத்தைத் தானே கழுவிவிட்டு, "போயிட்டு வாங்க" என்று உன் அப்பாவை அனுப்பி வைத்தார். நாங்கள் கோபத்துக்கு அடையாளம் என்று எண்ணிய அந்தக் கை நனைக்காத வழக்கம்தான் அன்றைக்கு நெருப்புக்கு முன்னால் நின்றது. பேச்சு முடிந்து எல்லோரும் விருந்து சாப்பிட்டுப் போயிருந்தால், அன்று அவர் எதைச் சொல்லித் தடுத்திருப்பார்? நீங்கள் ஆரம்பித்து வைத்த பேச்சு முடியாமல் இருந்ததே உங்கள் வெற்றி. ஒத்திகையில் கேட்டவருக்கு இதைச் சொல். குழாய்த் தண்ணீர் வந்ததை நான் மறுக்கவில்லை, கடவுள் புண்ணியத்தில் வந்தது. ஆனால் அது வந்தது அந்தக் கோடை முழுவதும் கழிந்து, இன்னொரு கோடையும் பார்த்த பிறகு. மண்ணெண்ணெய் ஊற்றிய லாரி அதுவரை காத்திருந்திருக்காது.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வரும். ஐயா கேட்டுக்கொண்டார், அதுதான் காரணம். கேன் கொண்டுவந்தவன் அவர் தம்பி மகன். "நடக்காத காரியத்தப் பேசிப் பேசி நடந்ததா ஆக்கிப்போட வேண்டாமுங்க" என்றார். எங்களுக்கும் அது சரியென்று பட்டது. நாங்கள் வாயை மூடிக்கொண்டதால்தான் அது நடக்காததாகவே நின்றது. ஆனால் அதே காரணத்தால் இன்றைக்குச் சபைக்குப் போகவேண்டிய என் மகன் பதில் இல்லாமல் நிற்கிறான். உன் வேலையில் இது ஒரு வினோதமான கஷ்டம், எனக்குப் புரிகிறது. நடந்துபோன சண்டைக்குப் போலீஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, போட்டோ இருக்கிறது. தடுத்த சண்டைக்கு என்ன இருக்கிறது? அதைப் பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அதனால் அந்த ஆப்பிரிக்க நாட்டுக்குப் போனாலும் அவசரப்பட்டு எழுதாதே. ஒன்றும் நடக்காத ஊரில், ஏன் நடக்கவில்லை என்று போய்க் கேள். கேட்பது மரியாதைக் குறைவாகப் பட்டால், அந்த டீச்சரம்மாவைப் போல வெட்கமில்லாமல் கேள். வறண்ட ஊரிலும் ராத்திரி குளிரும், சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கேள், உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும்.

இன்னொன்று. போன மாசம் நீ அங்கே கடையில் பனியன் வாங்கினால் கழுத்துப் பட்டையில் நம் நாட்டுப் பெயர் இருக்கிறது என்று சிரித்தாயே. அந்தச் சபையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் உள்ளே போட்டிருக்கும் பனியன், உன் அப்பா கொண்டுவந்த தண்ணீரில் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். தூரத்து ஊர்ச் சங்கதி, நமக்கென்ன என்று அவர்கள் நினைத்தால் இதைச் சொல். கோபமாகச் சொல்லாதே, நம் கொங்கு மக்கள் மாதிரி ஒரு 'ங்க' சேர்த்துச் சொல்.

உன் போனுக்குப் பிறகு உன் அப்பாவை அனுப்பி, இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று ஐயாவிடம் கேட்டுவரச் சொன்னேன். அவர் பதில் சொல்லி அனுப்பவில்லை, முந்தாநாள் மத்தியானம் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். முழங்கால் வலி, படி ஏற உன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "எழுதுங்க அம்மிணி. நாலு பேருக்கு ஒதவுமின்னா எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றார். ஆப்பிரிக்காக் கதையை நான் சொன்னேன். "அங்கயும் தண்ணி லாரிதானுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் சும்மா இருப்பேனா? இத்தனை வருஷ ஆசை. அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு வைத்திருந்தேன், கொள்ளு ரசம் வைத்திருந்தேன். லாரியும் இல்லை, தகராறும் இல்லை, குழாயில் தண்ணீர் வருகிறது. இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து, "இப்பவாவது உக்காருங்க ஐயா" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி அங்க நம்ம பேச்சத்தானுங்களே பேசிட்டிருக்குது? அப்ப இன்னும் முடியலைன்னுதானுங்களே அர்த்தம். அது பேசி முடிச்சுட்டு வரட்டுமுங்க. அன்னைக்கு வந்து வயிறாரக் கை நனைக்கறேனுங்க." ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

போட்ட இலை வீணாகக் கூடாது என்று உன் அப்பா அதில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ரசத்தில் உப்புக் குறைச்சல் என்றார், இரண்டாம் தடவை சோறு கேட்டார், கத்தரிக்காயை ஒதுக்கி வைத்தார். எப்போதும் போல எரிந்து விழத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல், "என்னளா, உப்புக்கா அழுத?" என்று கேட்டார். உங்கள் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று கேட்டாரே அந்த மனிதர், அவரிடம் சொல்: ஆமாம், நடக்கவில்லை, அதனால் என் அப்பா வீட்டில் உட்கார்ந்து ரசத்துக்கு உப்பு இல்லை என்று குறை சொல்கிறார். அந்த நாட்டு லாரி டிரைவர் வீட்டிலும் ஒருத்தி ரசமோ கஞ்சியோ வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பாள். அவளுக்காக நீ எழுந்து நின்று பேசு.

பேசி முடித்துவிட்டு வா. இலை போடக் காத்திருக்கிறேன்.

உன் அம்மா
ராயபுரம், திருப்பூர்